இருதயராஜ் அண்ணனின் இரண்டாவது வார்னிஷ்

செய்தி வந்தபோது என் போன் லாக்கரில் கிடந்தது. மறைமலைநகரில் நான் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் வரிசையாகத் தவறிய அழைப்புகள், எல்லாம் படூர் பிரபுவிடமிருந்து. திருப்பிக் கூப்பிட்டேன். "அக்கா, இருதயராஜ் சார் காலைல போயிட்டாருங்க" என்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். பிறகு சொல்லிக்கொண்டு வெளியே வந்து அவர் வீடு இருந்த செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அன்று அழுத அழுகையை இன்று என்னால் அழ முடியாது. "நினைவுக் கூட்டத்துல வாசிக்க நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கக்கா, உங்களுக்குத்தான் அவரை ரொம்பத் தெரியும்" என்று பிரபு கேட்டான். ரொம்பத் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படூரில் பிரபுவின் ஃப்ளாட்டில் கூடி, சுண்டுவிரல் உயர பூதங்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் வர்ணம் தீட்டிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். புகழ்ந்து பேச உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் அவர் எனக்குச் செய்ததை எழுதுகிறேன். கேட்டுவிட்டு, அவரவருக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். கார் உதிரிபாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவு. அவர் சூப்பர்வைசர். அங்கே அடித்து வரும் பெயிண்டைச் சோதித்து, ஏற்பதா நிராகரிப்பதா என்று சொல்வது என் வேலை. புது பெயிண்ட் லைன் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இஞ்சினீயர் ஒருவர் மாமல்லபுரத்தில் ஹோட்டலில் தங்கியிருந்தார். சாயங்காலங்களில் ஈய பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது அவர் பொழுதுபோக்கு. ஊருக்குத் திரும்பும்போது ஒரு தகர டப்பா நிறைய பொம்மைகளை இருதயராஜ் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அண்ணன் அந்த டப்பாவைத் திறந்து காட்டினார். கொம்பு வைத்த பூதம், கோடாலி தூக்கிய குள்ளன், இறக்கை விரித்த டிராகன். "இன்னா அண்ணே, கொலு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "எங்க வூட்ல கிறிஸ்மஸ் குடிலுதாம்மா. அதுல இதுங்கள வெச்சா ஃபாதரு செருப்பால அடிப்பாரு" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பாதி டப்பாவை என்னிடம் கொடுத்தார். செய்முறை எங்கள் இருவருக்கும் புதிதல்ல. காருக்குச் செய்வதையே நகத்தளவில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முதலில், பெயிண்ட் பிடிப்பதற்காகப் பிரைமர். அதன் மேல் அடிநிறம். பிறகு, தண்ணீராகக் கரைத்த கறுப்பையோ பழுப்பையோ மேலே விட்டால் அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் ஓடித் தேங்கி நிழலாகிவிடும். அதற்கு வாஷ் என்று பெயர். அண்ணன் அதை 'அழுக்குத் தண்ணி' என்பார். கடைசியில் மேட்டுப் பகுதிகளில் மட்டும் வெளிர்நிறத்தால் ஹைலைட். "லைட்டு எங்க வுயுதோ அங்க மட்டும் தொடு. ஆசப்பட்டு எல்லா எடத்தையும் தொட்டா பொம்ம செத்துடும்" என்பார். எல்லாம் முடிந்தபின், நிறத்தைக் காக்க நிறமில்லாத வார்னிஷ். வார்னிஷ் அடித்துவிட்டால் வேலை முடிந்தது, அதற்குமேல் யாரும் கைவைக்கக் கூடாது. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பொம்மை அந்தக் குள்ளன். ஆசை ஆசையாகச் செய்து பஸ்ஸில் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மூஞ்சில மாவு பூசினாமேரி கீது. கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்குது" என்றார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பொம்மையைப் பிடுங்கி டிபன் பையில் போட்டுக்கொண்டேன். சில நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே பஸ்ஸில் வந்து போனேன். அவரே வந்து பக்கத்தில் நின்று, "இந்தாம்மா, கோவமா? பொம்மைக்குப் போயி யாராவது பேசாம இருப்பாங்களா?" என்று சமாதானம் செய்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைப் பற்றி அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கு அடுத்த பொம்மையிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. எங்கள் வீடு மாமல்லபுரத்தில், கடலுக்கு ரொம்பப் பக்கம். கிரில் கதவுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடித்தாலும் துருப்பிடிக்கும். "உங்க வூட்டாண்ட உப்புக் காத்தும்மா. வார்னிஷு ஒயுங்கா காயாது, வெள்ளையா பூத்துப்பூடும். எங்க வூட்டு அலமாரில ஒரு வாரம் இருக்கட்டும்" என்றார் அண்ணன். நியாயமாகத்தான் பட்டது. நான் வார்னிஷ் அடித்து முடித்த பொம்மை பஞ்சு சுற்றிய சோப்பு டப்பாவில் செங்கல்பட்டுக்குப் போகும். ஒரு வாரம் கழித்து அதே டப்பாவில் திரும்பி வரும். வரும்போது என் கண்ணுக்கே அது அழகாக இருக்கும். நான் அவசரத்தில் பூசிய கன்னம் மென்மையாகத் தெரியும், கண்கள் நேராகப் பார்க்கும். "நல்லா வந்துகீதே அண்ணே" என்பேன். "காஞ்சா நெறம் எறங்கி ஒண்ணாயிடும்மா" என்பார்.

இதை நான் நம்பியதற்கு என்னை முட்டாள் என்று நினைக்காதீர்கள். பெயிண்ட் தொழிலில் இல்லாத யாராவது இருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் தினமும் அடுப்புக்குள் ஒரு நிறமாகப் போய் வேறு நிறமாக வெளியே வரும் பம்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பது எங்களுக்குப் பாலபாடம். அதனால் காய்ந்தால் கண்கூட நேராகும் என்று நம்பினேன். என் தொழிலறிவே என் கண்ணைக் கட்டியது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் பொய் சொல்லக்கூடியவர் என்று தொழிற்சாலையில் யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். ஒருமுறை அவசர ஆர்டர். மேலே அடித்த பெயிண்ட் பிடிக்காமல் ஒரு ஷிப்ட் வேலை முழுவதும் வீணாகிவிட்டது. கண்டும் காணாமல் அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் குழைந்தார். நான் தயங்கி நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கண்ணு பாத்ததச் சொல்லும்மா. மனசு பாத்ததச் சொல்லாத." நான் மொத்தத்தையும் நிராகரித்தேன். அவர் பொறுப்பில் அடித்த பெயிண்ட்தான் அது. திட்டு வாங்கியதும் அவர்தான். ஏன் பிடிக்கவில்லை என்று பிறகு பையன்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "வழவழப்பு மேல பெயிண்டு நிக்காதுடா. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சீங்கன்னா அது பெயிண்டு இல்ல, வேஷம்." அந்த மனிதரைத்தான் நான் அண்ணன் என்று கூப்பிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரபு எங்களுக்குப் பழக்கமானான். ஈரோட்டுக்காரன், ஓ.எம்.ஆர். சாலையில் சாஃப்ட்வேர் வேலை. இந்தப் பொம்மைகளைப் படைகளாக நிறுத்திப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டில் அவனுக்கும் நண்பர்களுக்கும் பைத்தியம். அவன் ஃப்ளாட்டில் நாம் கூட ஆரம்பித்தது அப்படித்தான். நான் கொண்டுவந்த சூனியக்காரி பொம்மையை உங்களில் பலர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள். மற்றவற்றைவிடப் பெரியவள், ஆள்காட்டி விரல் உயரம், கொண்டைக்கடலை அளவு முகம். அந்த முகத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு இருக்கும். "வசந்தாக்கா மாதிரி முகம் பண்ண இங்க ஆளே இல்லைங்க" என்று பிரபு சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். அண்ணன் மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவரும் கைதட்டினார். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

பிரபுவுக்கு வெளிநாட்டில் ஒரு கடைக்காரரைத் தெரிந்திருந்தது. வர்ணம் தீட்டிய பொம்மைகளை விற்பவர். என் பொம்மைகளின் படங்களைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து வேலை தருகிறேன் என்றார். அதே சமயத்தில் எங்கள் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். போகிறவர்கள் போகலாம். எனக்கு வீட்டில் உட்கார்ந்து இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. என் வீட்டுக்காரர், "நிரந்தர வேலைய விட்டுட்டு பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கப் போறியா?" என்றார். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. என் கைய நம்பி வேலைய வுடலாமா?"

அவர் ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் திருக்கழுக்குன்றம் சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. "நல்லா யோசிச்சுக்கம்மா" என்றார். "யோசிச்சுட்டேன் அண்ணே. நீங்க சொல்லுங்க. கண்ணு பாத்ததச் சொல்லுங்க." அவர் சொன்ன பதில் இது: "உன் பொம்மைங்க நல்லாத்தானம்மா கீது." நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை. பொம்மைகள் நன்றாகத்தான் இருந்தன. என் கையைப் பற்றிக் கேட்டேன், அவர் பொம்மையைப் பற்றிச் சொன்னார்.

முதலில் அனுப்பிய பொம்மைகள் வழக்கம்போல் செங்கல்பட்டில் ஒரு வாரம் காய்ந்த பிறகே கடைக்காரருக்குப் போயின. கடைக்காரர் மகிழ்ந்தார், இன்னும் கேட்டார். பிறகு அண்ணனுக்குக் கண்ணில் புரை வந்தது. "இனிமே உன் வூட்லயே காயட்டும்மா, ஜன்னல மூடி வெச்சுக்க" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஜன்னல்களை மூடினேன், கதவிடுக்கில் துணி வைத்தேன். பொம்மைகள் ஒரு வாரம் காய்ந்தன. நிறம் இறங்கவில்லை. அனுப்பினேன். பிரபு போன் செய்து, சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "என்னாச்சுங்கக்கா? வேற யாரோ பண்ணின மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பறாங்க." எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடி மாற்றினேன். பூதக்கண்ணாடி வைத்த விளக்கு வாங்கினேன். பிரஷ்களைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கினேன். அடுத்த தடவையும் திரும்பி வந்தது. அத்தோடு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடம் சொல்லி அழுதேன் என்று நினைக்கிறீர்கள்? அண்ணனிடம்தான். "எனக்கு இன்னாவோ ஆயிடுச்சு அண்ணே, கை போச்சு" என்று அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். "வுடும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்த்திருக்காது. போகாத கையைப் போய்விட்டது என்று நம்பவிட்டார். நான் மறைமலைநகரில் வேறொரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். முன்பு சோதித்த அதே உதிரிபாகங்கள், இப்போது நாள் முழுக்க நின்றுகொண்டு. கம்பெனி பஸ்ஸும் கிடையாது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அண்ணனின் மனைவி மேரி அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உன் பொம்மைங்க எங்க அலமாரில இருக்குது பாரு, எடுத்துகினு போம்மா. யாரையும் தொட வுடமாட்டாரு" என்றார். நம் கூட்டங்களில் உங்களுக்குக் காட்டுவதற்காக அண்ணன் என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தவை. சூனியக்காரியும் அதில் இருந்தாள். பஸ்ஸில் கூட்டம், டப்பா நசுங்கிவிட்டது. வீட்டில் பிரித்தால் அவளுடைய அங்கியின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. சரிசெய்யலாம் என்று விளக்கடியில் வைத்தேன். உதிர்ந்த விளிம்பில் அடுக்குகள் தெரிந்தன. ஈயம், பிரைமர், என் சிவப்பு, என் அழுக்குத் தண்ணி, அதன் மேல் பளபளவென்று வார்னிஷ். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வார்னிஷுக்கு மேலே மறுபடியும் சிவப்பு, மறுபடியும் ஹைலைட், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வார்னிஷ்.

அடுக்கு பார்ப்பது என் பிழைப்பு. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மனசு பார்ப்பதை நம்பாமல், தொழிற்சாலையில் செய்வதைச் செய்தேன். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கீறி, ஒட்டும் டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்தேன். நல்ல பெயிண்டாக இருந்தால் டேப் வெறுமையாக வரும். அங்கியின் மேலடுக்கு அப்படியே டேப்போடு வந்துவிட்டது. அடியில் என் வார்னிஷ் புத்தம்புதிதாக மின்னியது. ஒவ்வொரு பொம்மையாக எடுத்தேன், ஒவ்வொன்றும் அப்படியே. நீங்கள் கைதட்டிய முகங்களில் ஒன்றுகூட என்னுடையதில்லை.

அவர் இறந்து ஒரு மாதமானதற்குக் கோயிலில் வைத்த திருப்பலிப் பூசை அன்று மேரி அண்ணியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னாம்மா, ஒனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சிதான் குடுத்தனுப்புறேன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன். பூசைக்குப் போய்ட்டு வந்தா ஒன் பொம்மையும் பிரஷுமாத்தான் குந்திகினு இருப்பாரு." ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "நானும் கேட்டேன், பாவம் அந்தப் பொண்ணு, சொல்லிடேன்னு. 'அதுங்கிட்ட ஒருவாட்டி சொன்னேன்டி, மூஞ்சி சுருங்கிப்புடுச்சி. இன்னொருவாட்டி என்னால பாக்க முடியாது'ன்னாரு." சொல்லிவிட்டு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது கணவரின் நல்ல மனசு. நான் வந்தவர்களுக்குக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணே, என் முகம் சுருங்கியிருக்கும். சில நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு கண்ணைப் போடக் கற்றுக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் எனக்கு இது வராது என்று விட்டிருப்பேன். இரண்டில் எதுவானாலும் என் வேலை என்னிடம் இருந்திருக்கும். பம்பருக்கு நீங்கள் கொடுத்த உண்மையை எனக்குக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கேட்டேனே, உங்கள் வாக்கியத்தையே உங்களிடம் திருப்பிச் சொல்லிக் கேட்டேனே. அப்போதும் ஜன்னலைப் பார்த்தீர்கள். பூசியதை மன்னித்துவிடலாம், அந்த ஜன்னலை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைக் கூட்டத்தில் வாசிக்கும்போது என் குரல் உயர்ந்தால் மேரி அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வழவழப்பின் மேல் தேய்க்காமல் அடிக்கக் கூடாது என்று ஊருக்கே சொன்னவர், என் வார்னிஷ் மேல் ஒருமுறைகூட உப்புத்தாள் போடவில்லை. தேய்த்திருந்தால் அவர் பெயிண்ட் உறுதியாக நின்றிருக்கும், நான் சாகும்வரை கண்டுபிடித்திருக்கமாட்டேன். ஆனால் அந்தத் தேய்ப்பில் அடியிலிருந்த என் பூச்சு அழிந்திருக்கும். அழிக்க மனம் வரவில்லையா, என்றைக்காவது தெரியட்டும் என்று விட்டாரா, வெறும் சோம்பலா? கேட்க ஆள் இல்லை. அவருக்குச் சாதகமாக ஒரு பதிலை நானே எழுதிக்கொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை.

பொம்மைகள் எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். சூனியக்காரி இப்போது என் ஜன்னலில் நிற்கிறாள். முகத்தில் மாவு பூசியது போலத்தான் இருக்கிறது, ஒரு கண் கடலையும் ஒரு கண் வாசலையும் பார்க்கிறது. உப்புக் காற்று அவளை ஒன்றும் செய்யவில்லை.

தொழிற்சாலையில் சோதனை முடிந்ததும் இழுத்த டேப்பை வெள்ளை அட்டையில் ஒட்டி வைப்பது வழக்கம். அவளுடைய முகத்திலிருந்து இழுத்த டேப்பையும் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறேன். நேரான கண்களும் மென்மையான கன்னமும் அந்த ஏளனச் சிரிப்பும் கொண்டைக்கடலை அளவு படலமாக, பின்னால் தலையில்லாமல் அதில் இருக்கின்றன. இருதயராஜ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அன்று கைதட்டியவர்கள் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். இந்தமுறை அவருக்குத் தட்டுங்கள்.